சும்மா இருந்தா கட் ஆகுது, மாமா!

எங்கள் ஊர் பெண்ணாடத்துக் கோயிலுக்குத் தூங்கானை மாடம் என்று பெயர். கருவறை விமானம் பின்பக்கம் வளைந்து, யானை ஒன்று படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும். நூற்றாண்டுக் கணக்காகத் தூங்குகிறது. அசையவில்லையே என்று யாரும் அதைச் செத்த கணக்கில் எழுதிவிடவில்லை. இன்டர்நெட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது, சார். நீங்கள் ஐந்து நிமிஷம் அசையாமல் இருந்தால் போதும், 'ஆள் காலி' என்று கணக்கை மூடிவிடும்!

எதைச் சொல்கிறேன் என்று கம்ப்யூட்டர் ஆபீஸில் குப்பை கொட்டும் வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். மும்பையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற ஒரு கம்ப்யூட்டரை, இங்கே லுங்கி கட்டிக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்கலாம். அதற்கான வழிக்கு எஸ்.எஸ்.எச். என்று பெயர். 1995-ல் பின்லாந்துக்காரர் தாத்து உலோனென் எழுதியது. அவர் இருந்த யுனிவர்சிட்டி நெட்வொர்க்கில் எவனோ ஒட்டுக் கேட்டு பாஸ்வேர்டுகளைச் சுருட்டிவிட்டான். அந்தக் கடுப்பில், நடுவில் யார் காது வைத்தாலும் ஒன்றும் புரியாதபடி எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தார். பூட்டு இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்னை பாதையில்.

என் அக்கா பையனுக்கு இதில்தான் பிழைப்பு. சென்னைக் கம்பெனி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகம். அக்கா வீட்டுக்காரருக்கு உடம்பு முடியவில்லை. ராத்திரி எழுப்பி மருந்து கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அதனால் பெண்ணாடத்திலிருந்தே வேலை பார்க்க கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கியிருந்தான். ஆறு மாச புரொபேஷன். ஐந்தாவது மாசம் டீம் லீடரிடமிருந்து ஒரு மெயில். சாராம்சம்: 'நைட் ஷிஃப்டில் நீங்கள் அடிக்கடி காணாமல் போகிறீர்கள். சென்னைக்கு வந்துவிடுங்கள், அல்லது...' அந்த 'அல்லது'க்குப் பின்னால் மூன்று புள்ளிதான் இருந்தது. பையன் முகம் கறுத்துவிட்டது.

"மாமா, சத்தியமா நான் தூங்கலை. லைன்தான் தூங்கிடுது. அப்பாவுக்கு மாத்திரை குடுத்துட்டு வந்து பார்த்தா ஸ்கிரீன் அப்படியே உறைஞ்சு நிக்குது. எதைத் தட்டினாலும் எழுத்து விழலை. திரும்ப உள்ளே போய்ப் பார்த்தா, ஓடிக்கிட்டிருந்த வேலை பாதியிலே செத்துக் கிடக்கு."

"தட்டிக்கிட்டே இருந்தா?"

"தட்டிக்கிட்டே இருந்தா ரெண்டு மணி நேரம் ஆனாலும் ஒண்ணும் ஆகாது. சும்மா இருந்தாத்தான் கட் ஆகுது, மாமா."

நான் பி.காம். சர்வர் என்றால் எனக்கு முதலில் ஓட்டல்தான் ஞாபகம் வரும். ஆனால் 'சும்மா இருந்தால் மூடிவிடுவார்கள்' என்கிற சங்கதி எங்கள் துறையில் ரொம்பப் பழசு. பேங்க்கில் சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். உங்கள் தரப்பிலிருந்து இரண்டு வருஷத்துக்கு மேல் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை என்றால் ரிசர்வ் பேங்க் விதிப்படி அது 'செயல்படாத கணக்கு'. பேங்க்காரரே வரவு வைக்கும் சேமிப்பு வட்டி இதில் சேராது. நீங்கள் அசைய வேண்டும். பையன் சொன்னதைக் கேட்டதும் எனக்குத் தோன்றியது இதுதான்: எங்கேயோ ஒரு பேரேடு இருக்கிறது, எவனோ அதில் இவன் பெயரை அடிக்கிறான்.

விசாரித்ததில், இருக்கிறது!

உலகத்தில் பழைய பாணி இன்டர்நெட் விலாசங்கள் மொத்தமே சுமார் 429 கோடிதான். நம் ஆசிய-பசிபிக் வட்டாரத்துக்கு விலாசம் ஒதுக்குகிற ஏப்நிக் அமைப்பு 2011 ஏப்ரல் 15-ம் தேதியே 'சரக்கு தீரப் போகிறது, இனி ரேஷன்' என்று சொல்லிவிட்டது. புது விலாச முறை வந்திருக்கிறது. ஆனாலும் பழசை விட்டுவிட முடியவில்லை. கனெக்ஷன் கொடுக்கிறவர்கள் என்ன செய்வார்கள், பாவம்? ஒரே விலாசத்தைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுவிட்டார்கள்.

லாட்ஜ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் ஒரே டோர் நம்பர், உள்ளே ஏகப்பட்ட ரூம். வெளியிலிருந்து கடிதம் வந்தால் எந்த ரூமுக்கு என்று தெரிய, வாசலில் ஒரு மானேஜர் பேரேட்டோடு உட்கார்ந்திருக்கிறார். 'மாடி ரூம்காரர் மும்பையோடு பேசிக்கொண்டிருக்கிறார்' என்று அதில் ஒரு வரி. ஒரு விலாசத்துக்கு 65,536 எண்களுக்கு மேல் கிடையாது. இன்றைய போனில் ஓர் ஆப்பைத் திறந்தாலே பத்துப் பதினைந்து வரி காலி. பேரேடு நிரம்பி வழிகிறது. மானேஜர் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் பேச்சு மூச்சு இல்லாத வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தை அடுத்தவனுக்குக் கொடுப்பார்.

அடிப்பதில்கூடத் தப்பில்லை. அடித்ததை ரூம்காரரிடமும் சொல்வதில்லை, மும்பைக்கும் சொல்வதில்லை. அதுதான் அநியாயம். இரண்டு பக்கமும் லைன் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். மாத்திரை கொடுத்துவிட்டு வந்து நீங்கள் ஒரு எழுத்தைத் தட்டுகிறீர்கள். அது வாசல் வரை போகிறது. 'யாருப்பா நீ, பேரேட்டில் இல்லையே' என்று மானேஜர் அதைக் குப்பைக்கூடையில் போடுகிறார். உங்கள் கம்ப்யூட்டர் பதில் வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அனுப்புகிறது, இடைவெளியைக் கூட்டிக்கொண்டே. லினக்ஸ் என்றால் சுமார் கால் மணி நேரம் இப்படி முட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையை விரிக்கும். அதுவரை உறைந்த திரை! (இப்படி உறைந்து நின்றால் ஜன்னலை மூடிக் கம்ப்யூட்டரை அணைத்து ரகளை பண்ண வேண்டாம். என்டர் தட்டி, அலை மாதிரி வளைந்திருக்குமே டில்டே குறி, அதைத் தட்டி, ஒரு புள்ளி வையுங்கள். வெளியே வந்துவிடலாம். பல வருஷம் இந்த வேலையில் இருப்பவர்களில்கூடப் பல பேருக்கு இது தெரியாது.)

சரி, இதெல்லாம் ஊகம். டீம் லீடர் ஊகத்தை ஒத்துக்கொள்வாரா? ஆடிட்டிங்கில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: வவுச்சர் எங்கே? ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் கைக்கடிகாரத்தோடும் அவன் லாப்டாப்போடும் உட்கார்ந்தோம். அக்கா முறுக்கு சப்ளை.

கனெக்ஷன் போட்டுவிட்டு இரண்டு நிமிஷம் தொடாமல் இருந்தோம். உயிர் இருந்தது. புதிதாகப் போட்டு மூன்று நிமிஷம். இருந்தது. நான்கு... இருந்தது. ஆறு நிமிஷம்... போச்சு! மறுபடி ஆறு... போச்சு. ஐந்துக்குக் கொஞ்சம் கீழே பிழைத்தது. ஐந்தைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் சாவு. சாயங்காலத்துக்குள் பத்துப் பன்னிரண்டு தடவை பார்த்தாயிற்று.

இந்த ஒழுங்கைத்தான் கவனிக்க வேண்டும். கோளாறு என்றால் நேரங்கெட்ட நேரத்தில் வரும். வை-ஃபை பலவீனமோ, ஒயர் லொடலொடவோ, லாப்டாப் தானாகக் கண்ணயர்வதோ என்றால் ஒரு தடவை இரண்டு நிமிஷம், ஒரு தடவை இருபது நிமிஷம் என்று தாறுமாறாக இருக்கும். நீங்கள் தட்டிக்கொண்டிருக்கும்போதும் அறுந்து விழும். டாண் என்று ஐந்து நிமிஷத்தில் செத்தால் அது கோளாறே இல்லை. யாரோ எங்கேயோ எழுதி வைத்த விதி.

அடுத்து, யாருடைய விதி என்று பார்க்க வேண்டும். பையன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதே லாப்டாப்பிலிருந்து அதே மும்பை சர்வருக்குப் போனான். அரை மணி சும்மா விட்டோம். உயிரோடு இருந்தது! ஆக, சர்வர்மேல் பழி இல்லை, லாப்டாப் மேலும் இல்லை. மாறினது பாதை ஒன்றுதான். கடைசியாக வீட்டு மோடத்துக்குள் புகுந்து, அதற்கு வெளிப்பக்கம் கொடுத்திருந்த விலாசத்தைப் பார்த்தோம். 100.70 என்று ஆரம்பித்தது. 100.64-லிருந்து 100.127 வரை உள்ள விலாசங்கள் 2012 ஏப்ரலில் இந்தப் பங்கு போடும் வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டு மோடத்திலும் இந்த வரிசை தெரிந்தால் நீங்களும் லாட்ஜ்வாசிதான். சந்தேகமே வேண்டாம்.

எப்படிச் செத்தது என்பதும் ஒரு தடயம். ஒரு சத்தமும் இல்லாமல் உறைந்து, வெகுநேரம் கழித்து 'ப்ரோக்கன் பைப்' என்று வந்தால், பெரும்பாலும் நடுவில் இருக்கும் பேரேட்டுக்காரர் வேலை. தட்டின உடனே 'கனெக்ஷன் ரீசெட் பை பியர்' என்று முகத்தில் அடித்தால், அவரே கொஞ்சம் மரியாதை தெரிந்தவராக இருந்து பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம், எதிர்முனையும் சொல்லியிருக்கலாம். 'ஆட்டோ லாக்அவுட்' என்று வந்தால் அது வேறு ஜாதிப் பிரச்னை. சர்வரில் உள்ள ஷெல்லே 'இவ்வளவு நேரம் எதுவும் தட்டவில்லை, வெளியே போ' என்கிறது. டிஎம்அவுட் என்று அதில் ஒரு கணக்கு எழுதி வைத்திருப்பார்கள். கிரெடிட் கார்டு விவரங்களைக் கையாளும் இடங்களில் 15 நிமிஷம் சும்மா இருந்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அதை ஏய்க்கப் பார்க்காதீர்கள். ஆளில்லாத மேஜையில் திறந்து கிடக்கும் சர்வரும் ஆளில்லாத கடையில் திறந்து கிடக்கும் கல்லாவும் ஒன்று.

இந்தப் பேரேட்டை எத்தனை நேரம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு விதி இல்லாமல் இல்லை. இன்டர்நெட் விதிகளை எழுதுகிற ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு 2008-ல் சொன்னது: நடப்பில் உள்ள ஒரு தொடர்பை 2 மணி 4 நிமிஷத்துக்குள் அடிக்கக் கூடாது. அதென்ன ரயில்வே டைம்டேபிள் மாதிரி 2 மணி 4 நிமிஷம்? அதற்கு 1989-க்குப் போக வேண்டும். 'எதிர்முனையில் ஆள் இருக்கிறாரா என்று சோதித்துப் பார்க்கலாம். ஆனால் வழக்கமான இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது' என்று அந்த வருஷமே எழுதி வைத்துவிட்டார்கள். லினக்ஸில் இன்றும் அதே 7,200 செகண்டுதான். அந்தச் சோதனை வந்து சேர நாலு நிமிஷம் கிரேஸ் டைம்!

காகிதத்தில் அழகாக இருக்கிறது. நடப்பில் அமேசான் கிளவுடின் நாட் கேட்வே 350 செகண்டில் மறக்கிறது. மைக்ரோசாஃப்ட் அஷூரின் லோட் பேலன்சர், நாம் மாற்றாவிட்டால், 4 நிமிஷம். ஜாம்பவான்களே இப்படி என்றால் உள்ளூர் கேபிள் லைனைக் குறை சொல்லி என்ன பயன்? 2 மணிக்கு ஒரு தடவை நலம் விசாரிக்கிறவர் வருவதற்குள் ஐந்து நிமிஷத்தில் பாடை கட்டியாகிவிடுகிறது. எஸ்.எஸ்.எச்.சில் 'டிசிபி கீப்அலைவ்' முதலிலிருந்தே போட்டுத்தான் இருக்கிறது என்று சொல்லி வாதாடுகிறவர்கள் கவனிக்க: அது இந்த 2 மணிக்காரர்தான்.

வைத்தியம் என்ன? பேங்க் வைத்தியம்தான். அவ்வப்போது நூறு ரூபாய் போட்டு வைப்பது. எஸ்.எஸ்.எச்.சுக்கு 'கான்ஃபிக்' என்று ஒரு கோப்பு உண்டு. அதில் 'சர்வர் அலைவ் இன்டர்வல்' என்று (இடைவெளி விடாமல் சேர்த்து) எழுதி, பக்கத்தில் 60 போட்டால் தீர்ந்தது. அந்தப் பக்கத்திலிருந்து 60 செகண்ட் ஒன்றும் வரவில்லையென்றால் உங்கள் லாப்டாப் பூட்டின பாதைக்குள்ளேயே 'இருக்கியா?' என்று கேட்கும். மும்பை 'இருக்கேன்' என்று சொல்லும். மானேஜர் பேரேட்டில் வரி புதுசாகிவிடும். சொல்லாமல் விட்டால் இதன் மதிப்பு பூஜ்யம். அதாவது கேட்கவே கேட்காது. சைமன் டாத்தம் எழுதிய புட்டி உபயோகிக்கிறவர்கள் அதன் 'கனெக்ஷன்' பக்கத்தில் கீப்அலைவ் கட்டத்தைப் பாருங்கள். அங்கேயும் பூஜ்யம்தான் உட்கார்ந்திருக்கும். சர்வர் பக்கத்திலிருந்தும் இதே கேள்வியைக் கேட்க வைக்கலாம். அதற்கு 'கிளையன்ட் அலைவ் இன்டர்வல்' என்று பெயர். அது அட்மின் செய்ய வேண்டிய காரியம்.

"அப்போ அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை கேட்டுக்கிட்டே இருந்தா இன்னும் நல்லது இல்லையா, மாமா?"

இங்கேதான் ஒரு சூட்சுமம். மூன்று தடவை கேட்டும் பதில் இல்லை என்றால், ஆள் செத்தார் என்று முடிவுகட்டி அவனே லைனை வெட்டிவிடுவான். 5 செகண்ட் வைத்தால் 15 செகண்டில் தீர்ப்பு! எங்கள் ஊரில் கரும்பு லாரி ஒயரைத் தூக்கிக்கொண்டு போனால் கேபிள்காரர் வந்து ஒட்டவைக்க நேரம் ஆகும். சின்னத் தடங்கல் என்றால் பழைய கனெக்ஷன் பொறுத்திருந்து தானாகவே பிழைத்துக்கொள்ளும். உயிரைக் காப்பாற்றப் போட்ட மருந்தே ஆளைக் கொன்றுவிடக் கூடாது. அதனால் 60 வைத்து, 'எத்தனை தடவை கேட்பது' என்பதை 3-லிருந்து 10 ஆக்கினோம். அதற்கும் 'சர்வர் அலைவ் கவுன்ட் மேக்ஸ்' என்று ஒரு வரி. பத்து நிமிஷம் வரை தாங்கும். ஐந்து நிமிஷப் பேரேட்டுக்கு 60 செகண்ட் ஏராளம். நடுநிசியில் ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுப் பார்த்தோம். அசையவில்லை.

ஆனால் இதோடு நிறுத்தினால் அரைக் கிணறு தாண்டின கதை. மோடத்துக்குக் கரண்ட் போனால்? டீம் லீடருக்கு உண்மையான கோபம், லைன் அறுந்ததில் இல்லை. மாசக் கடைசியில் நான்கு மணி நேரம் ஓட வேண்டிய டேட்டாபேஸ் வேலை பாதியில் செத்ததில். அந்த வேலை மும்மரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு வரிகூட எழுதவில்லை, அவ்வளவுதான். சர்வர் வியர்வை சிந்துகிறது, லைன்காரனுக்கு அது சும்மா இருப்பதாகத் தெரிகிறது! அப்புறம், எதிர்முனையில் ஆள் இல்லை என்று சர்வர் தெரிந்துகொள்கிற நிமிஷத்தில், அங்கே ஓடும் வேலைக்கு ஒரு சமிக்ஞை போகும். அதன் பெயர் ஹேங்அப். டெலிபோன் லைனில் கம்ப்யூட்டரோடு பேசின காலத்தில் வைத்த பெயர். ரிசீவரை வைத்தாயிற்று என்று அர்த்தம். வேண்டாம் என்று சொல்லி வைக்காத வேலைகள் அந்தச் சத்தம் கேட்டதும் பிராணனை விட்டுவிடும்.

இதற்கு மாற்று டீ-மக்ஸ். 2007-ல் வந்தது. இதன் அண்ணன் 'ஸ்க்ரீன்' 1987-லேயே வந்தாயிற்று. சர்வருக்குள் போனதும் முதல் வேலையாக டீ-மக்ஸைத் திறந்து, அதற்குள் வேலையை ஓடவிடுங்கள். லைன் அறுந்தால் அறுந்துபோகட்டும். வேலை அங்கேயே ஓடும். திரும்ப உள்ளே போய் 'அட்டாச்' என்றால் விட்ட இடத்தில் நிற்கும். இரண்டு வைத்தியத்தில் ஒன்றுதான் செய்யலாம் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இதைத்தான் சொல்வேன்.

இன்னொன்றும் உண்டு, மோஷ் என்று. 2012-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. எழுதியவர் கீத் வின்ஸ்டீன். ஆராய்ச்சிக் கட்டுரையில் அவரோடு சேர்ந்தவர் ஹரி பாலகிருஷ்ணன். நம் சென்னை ஐ.ஐ.டி.யில் 1993-ல் பட்டம் வாங்கினவர்! 'அறுந்தால் அறுந்தது' என்கிற ஒற்றை லைனையே இது நம்புவதில்லை. லாப்டாப்பை மூடி, பையில் போட்டு, பெண்ணாடத்தில் ரயிலேறி, விருத்தாசலத்தில் வேறு நெட்வொர்க்கில் திறந்தாலும் அதே திரை அப்படியே இருக்கும். ஆனால் சர்வரிலும் அதை ஏற்றி வைக்க வேண்டும், 60,000-க்கு மேல் சில கதவுகளையும் திறந்துவிட வேண்டும். பையனின் கம்பெனி செக்யூரிட்டி ஆசாமி அதைக் கேட்டதுமே தலையை ஆட்டிவிட்டார், மறுப்பாக. அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம்.

கேபிள்காரரையும் ஒரு வார்த்தை கேட்டேன். "ஐந்து நிமிஷத்தை அரை மணி ஆக்க முடியுமா?"

"அது மேலேருந்து வருது சார். தனி ஐ.பி. வேணும்னா மாசாமாசம் எக்ஸ்ட்ரா ஆகும்" என்றார். மேலே என்றால் எங்கே என்று கேட்டேன். கையை ஆகாசத்தைப் பார்த்துக் காட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை எழுதின நேரக் கணக்கை அப்படியே ஒரு பக்கத்தில் டைப் அடித்து, ஹாட்ஸ்பாட்டில் பிழைத்ததையும் மோடம் விலாசத்தையும் சேர்த்து, பையன் டீம் லீடருக்கு அனுப்பினான். "நான் தூங்கவில்லை" என்ற வாக்கியம் அதில் கிடையாது; நான்தான் எடுத்துவிடச் சொன்னேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அவரே போன் பண்ணினார். மன்னிப்பு, வருத்தம் என்று ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எல்லோருடைய லாப்டாப்பிலும் அந்த இரண்டு வரியைப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள். சென்னைக்கு வரச் சொன்ன பேச்சை எடுக்கவே இல்லை. அடுத்த மாசம் கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்தது. அக்கா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள்.